தோற்பதற்கு ஓர் ஒத்திகை

நேர்காணலில் எப்படித் தோற்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் குமா நெவென்கா. குடைமிளகாய் சுட்டுக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள்.

செப்டம்பர் கடைசி. அந்தப் பருவத்தில் எங்கள் ஊரில் எந்த முற்றத்தைப் பார்த்தாலும் ஒரு தகர அடுப்பு இருக்கும், அதைச் சுற்றி நாலு பெண்கள் இருப்பார்கள், தெரு முழுக்கக் கருகிய மிளகாய்த் தோல் வாசனை அடிக்கும். குளிர்காலத்துக்கு ஐவார் என்ற அந்த மிளகாய் விழுதைக் கிளறிப் புட்டியில் அடைக்காதவளை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். நானும் நெவென்காவும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்ந்துதான் கிளறுகிறோம். என் கல்யாணத்தில் தேவாலயத்தில் எனக்குச் சாட்சியாக நின்றவள் அவள். என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் மிரியானா என்று பெயர் வைத்ததும் அவள்தான். அந்த உறவுக்குத்தான் குமா என்று பெயர். கூடப்பிறந்தவளோடு சண்டை போட்டு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தால்கூட ஊர் ஒன்றும் சொல்லாது. குமா வந்து கேட்டு இல்லை என்று சொன்னவளை மட்டும் யாரும் வாசலில் ஏற்ற மாட்டார்கள்.

நெவென்கா நகராட்சி வெப்ப நிலையத்தில் பணியாளர் பிரிவுக்குத் தலைவி. ஊரில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் குளிர்காலத்தில் குழாய் வழியாகச் சூடு அனுப்புவது அந்த நிலையம்தான். சூடு வராதபோது மக்கள் போன் போட்டுத் திட்டுவதும் அங்கேதான்.

"போன் எடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்னு விளம்பரம் பண்ணிருக்கோம்" என்றாள். "மூணு பேரையாவது இன்டர்வியூவுக்குக் கூப்பிடணும். கடன் குடுத்த பேங்க் போட்ட கண்டிஷன். தலைநகர் பெல்கிரேடுலேர்ந்து ஒருத்தியை வேற அனுப்பறாங்க, கூட உக்காந்து பாக்கறதுக்கு. உன் பேரைக் குடுத்திருக்கேன்."

என் கையிலிருந்த மிளகாய் நழுவி மடியில் விழுந்தது. "குமா! நிஜமாவா?"

"முழுசாக் கேளு. வேலை ஓக்னியெனுக்கு."

"எந்த ஓக்னியென்?"

"டைரக்டரோட மச்சினன் பையன். அவனுக்குன்னு எப்பவோ முடிவாயிடுச்சு. மீதி ரெண்டு நாற்காலிய நிரப்பணும். ஒண்ணு நீ. வந்து உக்காரு, ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லு, போ."

மடியில் விழுந்த மிளகாயை எடுத்துத் தோலை உரித்தேன். சூடு விரலைச் சுட்டது. எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. என் புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு நான் தனியாகத்தான் இருக்கிறேன். மிரியானா ஆஸ்திரியாவில், லின்ஸில். அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது. "இங்க வந்துடும்மா, பிள்ளைகளைப் பாத்துக்கோ, வீட்டை வித்துடலாம்" என்று வாரம் தவறாமல் போன் செய்கிறாள். அவள் வீட்டில் எனக்கென்று இருப்பது சமையலறையில் ஒரு சோபா. நான் பேரப்பிள்ளைகளை வெறுப்பவள் இல்லை. ஆனால் மொழி தெரியாத ஊரில் மாப்பிள்ளையின் சமையலறையில் வாயை மூடிக்கொண்டு கிழவியாவதற்கு நான் பிறக்கவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தோம். குளிர் தொடங்குவதற்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்தால் அவள் என்னை விட்டுவிட வேண்டும், கிடைக்காவிட்டால் நான் பெட்டியைக் கட்ட வேண்டும்.

"குளிர் தொடங்கறதுக்குள்ள எனக்கு வேலை வேணும்டி. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். வசந்தத்துல ஆவண அறை ஸ்னெஷானா ரிட்டயர் ஆகறா. அந்த நாற்காலி உனக்குத்தான்னு டைரக்டரே தன் வாயால சொல்லிருக்கார். அதுவரைக்கும் மிரியானாகிட்ட நான் பேசறேன். பேர் வெச்சவ சொன்னா கேப்பா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆள் கிடைக்கலைன்னா என் தலைதான் உருளும், குமா."

குமா என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்?

"சரி. வந்து உக்காரறேன்" என்றேன்.

"உக்காந்தா மட்டும் போதாது" என்று நெவென்கா சுடச்சுட ஒரு தட்டு மிளகாயை என் பக்கம் தள்ளினாள். "உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"என்னது?"

"அதுதான் முதல் கேள்வி. சொல்லு."

"நான் ரட்மிலா. பேருந்து நிலையத்துல மைக்குல அறிவிப்பு..."

"நிறுத்து! மைக்கைப் பத்தி மூச்சு விடாத. போன்ல பேசற வேலைக்கு வந்துட்டு, ஆயுசு பூரா மைக்குல பேசினேன்னு சொன்னா அந்தப் பெல்கிரேடுக்காரி உனக்கு மார்க்கை அள்ளிக் கொட்டிடுவா. ஆபீஸ்ல இருந்தேன்னு சொல்லு."

"ஆபீஸ்ல என்ன பண்ணேன்னு கேட்டா?"

"மறந்துபோச்சுன்னு சொல்லு."

"நெவென்கா, அவன் அவ்வளவு மோசமா?"

"போன்ல ஹலோ சொல்றதுக்கே அவங்கம்மா பக்கத்துல நிக்கணும். நீ சுமாராச் சொன்னாலே அவனைத் தாண்டிடுவ. உன்னால சுமாரா இருக்க முடியாதுங்கறதுதான் எனக்கு பயம். படு மோசமா இருக்கணும், புரியுதா? உங்க பலவீனம் என்ன?"

"கோபம்."

"அது உண்மையாச்சே!"

"அதனாலதான் சொல்றேன். மனப்பாடம் பண்ண வேண்டாம்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். புகையும் ஒரு காரணம். உங்கள் பலம் என்ன என்று கேட்டால் யோசித்ததே இல்லை என்று சொல்ல வேண்டும். ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்றால் வீட்டில் என்று சொல்ல வேண்டும். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் முதலாளியைத் திட்ட வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் எனக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. பேருந்து நிலையத்தை வாங்கிய புது முதலாளி முதல் வாரமே கழற்றியது என் மைக்கைத்தான். அதற்குப் பிறகு எந்த வண்டி எங்கே போகிறது என்று டிரைவர்கள் படியில் நின்று கத்துகிறார்கள்.

பானையில் ஐவார் கெட்டியாகி, துடுப்பு இழுத்த கோட்டில் அடி தெரிய ஆரம்பித்தபோது, நான் தோற்பதற்குத் தயாராகியிருந்தேன்.

நேர்காணலன்று காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினேன். பக்கத்துவீட்டு ஸ்தமேனா எப்படியோ மோப்பம் பிடித்திருந்தாள். ஒரு குடுவைத் தண்ணீரோடு ஓடிவந்து என் பின்னால் படியில் கொட்டினாள். பரீட்சைக்கோ பயணத்துக்கோ போகிறவர்கள் பின்னால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் ஊற்றுவார்கள். தண்ணீர் ஓடுவதுபோலத் தடையில்லாமல் காரியம் ஓட வேண்டும் என்பது கணக்கு.

"நல்லபடியா முடியும் ரட்மிலா! உன்னை விட்டா இந்த ஊர்ல போன் எடுக்க வேற யாரு இருக்கா?" என்று மேலிருந்து கத்தினாள்.

என் காலணிக்குள் தண்ணீர் போய்விட்டது. திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினேன். திரும்பிப் பார்க்கக்கூடாது, அதுவும் ஒரு சாஸ்திரம்தான். தோற்கப் போகிறவளுக்கு என்ன சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெப்ப நிலையத்தின் தாழ்வாரத்தில் எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்குகிறவர், கடன் வாங்கிய கோட்டு, தோள் இரண்டு விரல் அதிகம். நான் வணக்கம் சொன்னதும் தலையைத் தூக்கினார்.

"இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேனே."

"எல்லார் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றேன்.

"இல்ல, இல்ல. நிஷ் போற வண்டி ரெண்டாம் நடைமேடைல! நீங்கதானே தங்கச்சி? என் பேரு பெரிஷா. மர ஆலைல இருந்தேன். எத்தனை வருஷம் உங்க பேச்சைக் கேட்டு பஸ் ஏறியிருக்கேன்!" கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தாழ்வாரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

"நான்... எனக்காகத்தான்."

"அட, மறைக்காதீங்க. நான் டைரக்டரோட டிரைவருக்காக. என் மச்சான். 'சும்மா வந்து உக்காரு மாமா, உனக்கு எப்படியும் கிடைக்காது'ன்னு கூட்டிட்டு வந்தான். மரியாதை பாருங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு ஒத்திகையே நடந்துச்சு" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் சொல்லித் தரலை. நான் எப்படியும் சொதப்பிடுவேன்னு அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை."

மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது. பையன் இன்னும் வரவில்லை. அவனுக்கென்ன, மாப்பிள்ளை மாதிரி எல்லாரும் கூடிய பிறகு வருவான் என்றார் பெரிஷா. அவரை முதலில் கூப்பிட்டார்கள். சற்று நேரத்தில் வெளியே வந்து, "முடிஞ்சுது. என்னால முடிஞ்ச அளவு கெடுத்துட்டேன்" என்று என் காதில் சொல்லிவிட்டுப் புகைபிடிக்கப் போனார். கோட்டுக்குள் தோள் இன்னும் சிறுத்திருந்தது.

பிறகு நான் போனேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் டைரக்டர் ஸ்தானோயெவிச், தன் தலைவலியைத் தானே தடவிக்கொண்டு. இடது பக்கம் நெவென்கா, என்னை இதற்கு முன் பார்த்தே அறியாதவள் போல. வலது பக்கம் பெல்கிரேடுப் பெண். தாமரா என்று பெயர் சொன்னாள். என் மகள் வயதுதான் இருக்கும். அவள் ஒருத்திதான் என் முகத்தைப் பார்த்து உட்காரச் சொன்னாள்.

"உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார் டைரக்டர்.

"ரட்மிலா. ஆபீஸ்ல இருந்தேன்."

"என்ன வேலை?"

"மறந்துபோச்சு."

டைரக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். ஒரு கேள்வி தாண்டிற்று. மறப்பதாவது! அந்தப் பெரும்பனியில் வண்டிகளெல்லாம் மலைப்பாதையில் மாட்டிக்கொண்ட நாளை நான் எப்படி மறப்பேன்? நிலையம் முழுக்கப் பெண்டு பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் ஜனம். விடிந்ததிலிருந்து நான் மைக்கை விட்டு எழவில்லை. எந்த வண்டி எந்த வளைவில் நிற்கிறது, யார் யாருக்கு ரொட்டி போய்ச் சேர்ந்தது, எந்தப் பிள்ளை அழுகையை நிறுத்தியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன், பொய் சொல்லவில்லை. ஒருவர்கூடக் கத்தவில்லை. சாயங்காலம் முன்பின் தெரியாத ஒரு பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு ஒரு கிண்ணம் சூப்பு நீட்டினாள். உங்கள் பலம் என்ன என்று யாராவது கேட்டால் அந்தக் கிண்ணத்தைத்தான் நான் சொல்ல வேண்டும்.

"உங்க பலம்னு எதைச் சொல்வீங்க?" என்று கேட்டாள் தாமரா.

"யோசிச்சதே இல்ல."

"யோசிங்க. அவசரம் இல்ல."

அந்தப் பெண் உண்மையாகவே காத்திருந்தாள். எத்தனை வருஷமாயிற்று, ஒருவர் என் பதிலுக்காகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்து! நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். "ஒண்ணும் தோணலை" என்றேன்.

அப்போது அவள் முன்னால் சாய்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இந்த ஊர் பேருந்து நிலையத்துல அறிவிப்பு சொல்லிட்டிருந்தது நீங்கதானா?"

டைரக்டரின் கை தலையைத் தடவுவதை நிறுத்திவிட்டது. நெவென்கா பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்ற சொல் என் நாக்கின் நுனியில் இருந்தது. அது வெறும் சொல் இல்லை. என் வீடு, என் அடுக்களை, என் வசந்தம், என் குளிர் எல்லாம் அது. நெவென்காவின் தலை உருளும் என்பதும் அதற்குள்தான் இருந்தது.

"இல்லீங்க. அது வேற யாராவது இருக்கும்" என்றேன்.

என் குரலை வைத்துக்கொண்டே அந்தக் குரல் என்னுடையது இல்லை என்று சொன்னேன். தாமரா கொஞ்சநேரம் என்னையே பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து எதையோ எழுதினாள். அவள் முகம் மூடிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பொய் சொல்கிறவளைப் பார்க்கும் பார்வை அது.

அந்த நேரத்தில்தான் நெவென்காவின் கைபேசி மேசைமேல் உறுமியது. அவள் மடிக்கு இழுத்துப் படித்தாள். கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோனாள். தண்ணீரை எடுத்துக் குடித்தாள். பிறகு ஒத்திகையில் இல்லாத ஒரு கேள்வியை அவளே கேட்டாள்.

"ரட்மிலா அம்மா. உங்களைத்தான் நாங்க எடுக்கணும்னா, ஏன் எடுக்கணும்? நல்லா யோசிங்க. மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க."

அவள் கண் என்னைக் கெஞ்சியது. அத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் கண் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பெல்கிரேடுக்காரி சந்தேகப்பட்டுவிட்டாள், இவள் பயந்துபோயிருக்கிறாள், காரியத்தை முடித்துவிடு என்கிறாள் என்று எனக்குப் பட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எடுக்காதீங்க" என்றேன். "ஜனங்க போன்ல கத்தினா எனக்குப் பிடிக்காது. நான் போனை வெச்சிடுவேன். யாருக்குக் குளிர்ந்தா எனக்கென்ன?"

நெவென்கா கண்ணை மூடிக்கொண்டாள். நிம்மதியில் மூடினாள் என்று நினைத்தேன். டைரக்டர் நன்றி சொல்லி எழுந்தார். நான் வெளியே வந்தபோது மூன்றாவது நாற்காலி அப்போதும் காலியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் எனக்கு என்மேல் ஒரு கர்வம் என்று சொன்னால் நம்புவீர்களா? குமாவுக்காக இதைவிட யார் செய்வார்கள் என்ற கர்வம். பாழாய்ப்போன கர்வம்.

சாயங்காலம் நெவென்கா வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. காபி வைக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். எங்கள் வீட்டில் அவள் காபி வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"பெரிஷாவுக்குக் குடுத்துட்டாங்க."

"எதை?"

"வேலையை."

நான் நின்றபடியே இருந்தேன். "ஓக்னியென்?"

"நார்வேக்குப் போயிட்டான். மீன் ஆலைல வேலையாம். காதலியோட நேத்தே கிளம்பிட்டான். டைரக்டர்கிட்ட சொல்றதுக்கு அவங்கம்மாவுக்கு தைரியம் இல்ல, எனக்கு மெசேஜ் அனுப்பினா. நீ உள்ள உக்காந்திருக்கறப்ப." நெவென்கா நாற்காலியில் விழுந்தாள். "இன்னொரு தடவை இன்டர்வியூ வெக்கலாம்னு டைரக்டர் கெஞ்சிப் பாத்தார். தாமரா விடலை. குளிர் வரப்போகுது, வந்த ரெண்டு பேர்ல ஒருத்தரை எடுங்கன்னுட்டா. நான் உன் பேரைச் சொன்னேன், குமா. சத்தியமாச் சொன்னேன். 'போனை வெச்சிடுவேன்னு அவங்க வாயாலயே சொன்னாங்களே'ன்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்ல?"

மெசேஜ் வந்தபோது அவள் கழுத்து சிவந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்ப அந்தக் கேள்வி..."

"அதுக்குத்தானே கேட்டேன்! மனசுல இருக்கறதைச் சொல்லுன்னு கேட்டேனே! கண்ணாலயே கெஞ்சினேனே, மாட்டுக்குக்கூடப் புரிஞ்சிருக்கும்!"

"இன்னும் மோசமாச் சொல்லுன்னு கெஞ்சறேன்னு நினைச்சேன்டி."

"ஏன் அப்படி நினைச்ச?"

"நீ என்கிட்ட கேட்டது அது ஒண்ணைத்தானே!" என் குரல் எனக்கே தெரியாமல் உயர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்தமேனாவின் வானொலி நின்றது. "வேற என்ன கேட்ட நீ என்கிட்ட? உனக்கு வாய் இருந்துச்சுல்ல நெவென்கா? தாமரா என்னைக் கேட்டப்ப, 'இவங்கதான் அந்தக் குரல், இந்த ஊருக்கே தெரியும்'னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை."

"டைரக்டர் முன்னாடியா?"

"ஆமா, டைரக்டர் முன்னாடி."

"எப்படித் தெரியும்னு கேப்பாங்க. குமான்னு சொன்னா என்னை அந்த மேசையிலேர்ந்தே எழுப்பி விட்டுடுவாங்க."

"நான் உனக்காக என் குரலையே என்னோடது இல்லைன்னு சொன்னேன். உன்னால எனக்காக ஒரு மேசையிலேர்ந்து எழுந்திருக்க முடியலை."

அவள் அழுதாள். நான் அழவில்லை, எனக்கு அவ்வளவு கோபம். நீ பயப்பட்டாய், நானும் பயப்பட்டேன், ஆனால் உன் பயத்துக்கும் சேர்த்து நான் பயப்பட்டேன் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் புரியும் நிலையில் அவள் இல்லை.

"வசந்தத்துல ஸ்னெஷானா..." என்று ஆரம்பித்தாள்.

"அதை நீயே வெச்சுக்கோ."

அவள் வீட்டில் இருந்த ஐவார் புட்டிகளில் என் பங்கை எப்போது எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்காமலே போனாள்.

முதல் குளிர் வந்தது. என் வீட்டு வெப்பக் குழாய் பிணம்போல் கிடந்தது. குளிருகிறதோ இல்லையோ, எனக்கு அந்த எண்ணுக்குப் போன் போட ஒரு காரணம் வேண்டியிருந்தது. ரொம்ப நேரம் மணி அடித்தது.

"யாரு... என்ன வேணும்?"

"இதுதான் நீங்க போன் எடுக்கற லட்சணமா?" என்றேன்.

"தங்கச்சி!" என்று பெரிஷா கத்தினார். அழுதுவிடுவார் போலிருந்தது. "கடவுளே, கடைசில ஒரு மனுஷக் குரல்! காலைலேர்ந்து ஊரே என்னைத் திட்டுது. ஒருத்தி என் அம்மாவை இழுத்துட்டா. அம்மா செத்து எத்தனை காலம் ஆச்சு! நான் இந்த வேலையைக் கேக்கவே இல்லையே."

"கேக்காம எப்படிக் கிடைச்சுது? உள்ள போய் அப்படி என்ன சொன்னீங்க?"

பெரிஷா குரலைத் தாழ்த்தினார்.

"தோக்கணும்னுதான் போனேன், சத்தியமா. உங்க பலம் என்னன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு பலமும் இல்லைன்னு சொன்னேன். வெளில ஒரு அம்மா உக்காந்திருக்காங்க, அவங்களை எடுங்க, அவங்க மைக்குல பஸ் வரும்னு சொன்னா இந்த ஊரே நம்பி நின்னுச்சுன்னு சொன்னேன். வேலைக்கு வந்தவன் இன்னொருத்தரைப் புகழ்ந்தா அவனை எடுக்கவா போறாங்க? அப்படித்தான் நினைச்சேன். அந்தப் பெல்கிரேடுப் பொண்ணு என்னடான்னா, 'மத்தவங்களைப் பத்தி இவ்வளவு நல்லாப் பேசறவர் இவர்தான்'னு எனக்கு முழு மார்க்கும் போட்டுட்டா."

ஜன்னல் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. அறிவிப்பு சொன்னது நீங்கதானா என்று தாமரா ஏன் கேட்டாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. எனக்காகக் கதவைத் திறந்துவிட்டிருந்தவர் முன்பின் தெரியாத மர ஆலைக்காரர். நான்தான் அதைச் சாத்திவிட்டு, மேலே தாழ்ப்பாளும் போட்டுவிட்டேன்.

"தங்கச்சி, இருக்கீங்களா? கத்தறவங்ககிட்ட என்னதான் சொல்றது? எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

போனை வைத்துவிடலாம் என்று கை போயிற்று. எனக்குக் குரூரமாக இருக்கவும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது.

"முதல்ல அவங்களை முழுசாக் கத்த விடுங்க, குறுக்க பேசாதீங்க. அப்புறம் தெருப் பேரைக் கேளுங்க. வீட்ல குழந்தை இருக்கான்னு கேளுங்க. எப்ப சரியாகும்னு தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க, ஆனா தெரிஞ்சவுடனே நானே கூப்பிடறேன்னு சொல்லுங்க. சொன்னா கூப்பிடணும். கட்டாயம் கூப்பிடணும், பெரிஷா. அது ஒண்ணுதான் வித்தை."

"இருங்க, மெதுவா. எழுதிக்கறேன்" என்றார் அவர்.

நேர்காணலில் சொல்லாமல் விழுங்கிய பதிலை, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு, மெதுவாக, அவர் எழுதும் வேகத்தில் சொல்லி முடித்தேன். என் வீட்டுக் குழாய் அன்றும் சூடாகவில்லை.

மிரியானா வாக்குத் தவறாதவள், அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து போனது. வீட்டை வாங்க ஆள் பார்த்துவிட்டாள். நான் பெட்டியைக் கட்டினேன்.

பேருந்து நிலையத்தில் என் பழைய கண்ணாடி அறையில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். "பெல்கிரேடு, வியன்னா, லின்ஸ்! ஏறுங்க, ஏறுங்க!" என்று டிரைவர் படியில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். வண்டி எப்போது போய்ச் சேரும் என்று ஒரு கிழவி கேட்டதற்கு, போகும்போது போகும் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் அது இனி என் நிலையம் இல்லை.

ஏறப் போகும்போது நெவென்கா வந்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. ஓடி வந்திருந்தாள், மூச்சு வாங்கியது. ஒரு கையில் அவள் பங்கு, என் பங்கு என்று பிரிக்காமல் ஐவார் புட்டிகள் ஒரு பையில். மறு கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

"பிள்ளைக்குப் பேர் வெக்க நான் வரணும்ல?" என்றாள்.

"மிரியானாகிட்ட கேளு. உன் பேச்சைத்தான் கேப்பாளாமே."

முகத்தில் அடித்த மாதிரி நின்றாள். ஸ்னெஷானாவின் நாற்காலி யாருக்குப் போகிறது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, டைரக்டருக்கு மச்சினன்கள் குறைவா என்ன. ஐவார் பையை வாங்கிக்கொண்டேன். அதில் என் உழைப்பும் இருக்கிறது.

டிரைவர் ஹாரன் அடித்தான். நெவென்கா பாட்டில் மூடியைத் திருகித் திறந்தாள். வண்டி கிளம்பியதும் அதன் பின்னால் ஊற்றுவதற்காகக் கையைத் தயாராக வைத்துக்கொண்டு, "நல்லபடியாப் போயிட்டு வா, குமா" என்றாள்.

படியில் ஒரு காலை வைத்தவள் இறங்கி வந்தேன். அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கினேன். அவள் பார்த்துக்கொண்டே இருக்க, என் பின்னால் ஊற்ற ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் அந்தத் தண்ணீர் முழுவதையும் நானே குடித்தேன். காலிப் பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.